அடுத்த ஊர் மருந்துக்கடை

மாதத்தின் முதல் வியாழக்கிழமை வந்தால் கார்மல் ஹெஸ்லின் முடி திருத்திக்கொள்ளப் பாலிவாரனுக்குப் போய்விடுவாள். இருபத்திரண்டு வருடமாக இந்த வழக்கம் தவறியதில்லை. எங்கள் டிரம்காராவிலிருந்து பாலிவாரன் முப்பத்தெட்டு கிலோமீட்டர். வழியெல்லாம் வளைவு, பாதி வளைவுகளில் டிராக்டர். இத்தனைக்கும் எங்கள் ஊரிலேயே, தேவாலயத்துக்கு எதிரே, மஜெல்லா முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். கார்மல் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

மஜெல்லா இதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. "அந்தத் தலையில அப்படி என்னதான் முளைச்சிருக்கு? நம்ம ஊர் கத்திரிக்கோல் ஏறாதா?" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பாள். கேள்வி நாலு வீடு சுற்றிக் கார்மலின் காதுக்கு வந்து சேரும். கார்மல் சிரித்துக்கொண்டே, "அங்க டீ கொடுக்கறாங்கன்னு சொல்லு" என்று பதில் அனுப்புவாள்.

உண்மையில் முடி வெட்டுவது அரை மணி நேர வேலை. அது முடிந்ததும் அதே தெருவின் கோடியில் இருக்கும் மருந்துக்கடைக்குள் நுழைந்து, ஒரு மாதத்துக்கான லித்தியம் மாத்திரைகளை வாங்கிக் கைப்பையின் அடியில் திணித்து, மேலே கழுத்துத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு காருக்கு வருவாள். மாத்திரைதான் காரியம். முடி வெறும் சாக்கு.

வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். லீட்ரிம் மாவட்டத்தில் எங்கள் பக்கத்தில் சளிக்கும் இருமலுக்கும்தான் சொந்த ஊர் மருந்துக்கடை. மற்ற எதற்கும் அடுத்த ஊர். எங்கள் ஊர் மருந்தாளர் ஊனா டீர்னன் கெட்டிக்காரி, வாயைத் திறக்காதவள், அவள்மேல் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் கடையில் நமக்குப் பின்னால் நிற்பது யார்? பக்கத்துப் பண்ணைக்காரி, பாதிரியாரின் சமையல்காரி, போன வருடம் நாம் வேலித் தகராறு செய்தவன். பாலிவாரன்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இதே காரணத்துக்காக அவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊருக்கு வந்து மருந்து வாங்குவார்கள். இரண்டு ஊர்க் கார்களும் வழியில் எதிரெதிரே கடக்கும்போது ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொள்வோம். எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்க மாட்டோம். ஒருமுறை பாலிவாரன் கடையில் கார்மல் எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் யூஜின் கேலனோடு நேருக்கு நேர் முட்டிக்கொண்டாள். இருவரும் சட்டென்று திரும்பி ஷாம்பு புட்டிகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். யூஜினுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது.

இந்த வழக்கம் தொடங்கிய வருடம் கார்மலுக்கு நாற்பத்தொரு வயது. ஊர்ப் பள்ளியில் அலுவலகப் பொறுப்பு. வருகைப் பதிவு முதல் சிராய்த்த முழங்காலுக்கு மருந்து தடவுவது வரை எல்லாம் அவள் கையில். ஒரு வசந்த காலத்தில் மூன்று வாரம் அவள் தூங்கவில்லை. தூக்கம் தேவைப்படவும் இல்லை. பள்ளிக்கு இரண்டு பியானோ வரவழைத்தாள். ஞாயிறு பூசையில் எழுந்து நின்று, பாதிரியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள் அவருக்காகத் தானே முடித்து வைத்தாள். பிறகு ஒரு நாள் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எட்டு நாள் பொறுத்துப் பார்த்த அண்ணன் ஃபின்டன், அவளைப் போர்வையோடு தூக்கி, மாட்டுத்தீவனம் ஏற்றும் ஜீப்பில் உட்காரவைத்து, வேறு மாவட்டத்தில் இருக்கும் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். மூன்று மாதம் அங்கே இருந்து, அந்த மாத்திரைச் சீட்டோடு திரும்பினாள்.

ஊருக்கு என்ன சொல்வது? கல்யாணம் செய்துகொள்ளாத, வாரத்துக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம் என்று இருக்கும் ஃபின்டன்தான் அந்தப் பொய்யையும் கட்டினான். இங்கிலாந்தில், கோவென்ட்ரியில், ஓர் அத்தை படுத்த படுக்கையாக இருக்கிறாள், கார்மல் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள். பேசாதவன் சொன்னதால் ஊர் நம்பியது. கார்மல் திரும்பி வந்த பிறகும் அந்த அத்தை விடவில்லை. எப்படி இருக்கிறாள், எழுந்து நடக்கிறாளா என்று விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். அவளுக்குக் காலில் புண் வந்து ஆறியது, இடுப்பெலும்பு முறிந்தது, கடைசியில் வேறு வழியில்லாமல் சாகவும் வேண்டியதாயிற்று. பதினேழு அனுதாப அட்டைகள் வந்தன. அவளுக்காக எங்கள் தேவாலயத்தில் பூசையும் வைத்தார்கள். அன்று வந்தவர்களுக்கு சாண்ட்விச் செய்து கொடுத்தவள் கார்மல்தான்.

இவ்வளவு ஒளித்தது வெறும் வீம்புக்காக இல்லை. எங்கள் ஊரில் லோர்கன் என்று ஒருவர் இருந்தார். அதே மருத்துவமனையில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு முப்பது வருடம், சாகும் வரை, ஊரே அவரிடம் குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் பேசியது. அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுதான் கொடுமை. கார்மல் சிறுமியாக இருந்தபோது தானும் அவரிடம் அப்படிப் பேசியிருக்கிறாள். அந்தக் குரலில் தன்னிடம் யாரும் பேசக்கூடாது என்பதற்காகத்தான் முப்பத்தெட்டும் முப்பத்தெட்டும் எழுபத்தாறு கிலோமீட்டர்.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் நோய் வந்தது. பள்ளியை மூடினார்கள், தேவாலயத்தை மூடினார்கள், மதுக்கடையை மூடினார்கள். மாதக் கடைசியில், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் காரணமில்லாமல் யாரும் நகரக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஏப்ரல் இரண்டாம் தேதி, முதல் வியாழக்கிழமை, கார்மல் வழக்கம்போல மேல்கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தாள். பாலம் தாண்டியதும் போலீஸ் தடுப்பு. நின்றவன் கோல்ம். ஆறடி உயரம், சீருடை, முகமூடி. ஒன்றாம் வகுப்பில் அவனுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் கார்மல்.

"எங்க கிளம்பிட்டீங்க, மிஸ் ஹெஸ்லின்?"

"பாலிவாரனுக்குப்பா."

"முடி வெட்டவா?" என்று கோல்ம் சிரித்தான். "எல்லாத்தையும் பூட்டியாச்சே! எங்க அம்மாவே எங்க அப்பாகிட்ட தலையைக் கொடுத்துட்டு அழுதுட்டிருக்காங்க."

மருந்து வாங்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவான். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். 'நம்ம ஊனா கடை திறந்துதானே இருக்கு, மிஸ்?' அதற்கு என்ன பதில்? பின்னால் மூன்று கார்கள் நின்றன, முதல் காரில் மஜெல்லாவின் கணவன்.

"ஐயோ, மறந்தே போச்சு பாரேன்" என்று சொல்லிக் காரைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்து எண்ணினாள். ஆபத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த அட்டையும் சேர்த்து முப்பத்தாறு மாத்திரை. நாளுக்கு இரண்டு வீதம் பதினெட்டு நாள். பாலிவாரன் கடைக்குத் தொலைபேசியில் பேசினாள். அங்கிருந்த பெண் உற்சாகமாக, "இப்ப காகிதச் சீட்டே வேணாங்க, டாக்டரே கம்ப்யூட்டர்ல அனுப்பிடறாங்க. உங்க ஊர்க் கடைக்கு அனுப்பச் சொல்லிடுங்க. நடந்து போய் வாங்கிக்கலாம், எவ்வளவு வசதி!" என்றாள். அந்த வசதிதான் கார்மலுக்கு வேண்டாததாக இருந்தது. தபாலில் அனுப்ப முடியுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் வைத்துவிட்டாள். எங்கள் தபால்காரர் பொட்டலத்தைத் தடவிப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்கிற மனிதர். ஊர்க் கால்பந்துச் சங்கத்து ஆட்கள் வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மூன்று வயலுக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

அன்று முதல் இரண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டாள். இது தப்பு என்று அவளுக்குத் தெரியாதா? அந்த மாத்திரையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாவட்டத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் கிடையாது. ஆனாலும் ஊனாவின் கடைவாசலை நினைத்துப் பார்ப்பாள். ஒரு சமயத்தில் ஒருவர்தான் வாசல்வரை போகலாம், மற்றவர்கள் நடைபாதையில் மஞ்சள் கோட்டில் வரிசை. வாசலில் குறுக்கே ஒரு மேசை. ஊனா முகமூடிக்குள்ளிருந்து கத்த, வாங்குகிறவர் முகமூடிக்குள்ளிருந்து கத்த, வரிசை முழுக்கக் காது. நினைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்பாள்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வாரத்தில் அவளுக்கு மிக நன்றாக இருந்தது. அப்படி நன்றாக இருப்பதுதான் ஆரம்பம். விடியுமுன் எழுந்து கோழிக்கூட்டைக் கழுவினாள். ஒரே நாளில் பதினாறு சோடா ரொட்டி சுட்டாள், வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். வாசல் கேட்டுக்குப் பச்சை அடித்தாள், மறுநாள் அது பிடிக்காமல் சிவப்பு அடித்தாள். பேச்சு நிற்கவில்லை. பள்ளி திறந்ததும் குழந்தைகளையெல்லாம் கப்பலில் நார்வேக்குக் கூட்டிப் போகும் திட்டம் ஒன்றை ஃபின்டனிடம் சொல்லிக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தாள். ஒரு வாளி நிறைய உரித்திருந்தாள்.

ஃபின்டன் வாளியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"கார்மல், மாத்திரை போடறியா?"

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தை அந்தச் சமையலறையில் சொல்லப்பட்டது அன்றுதான். மருத்துவமனையைக்கூட அவர்கள் தங்களுக்குள் 'கோவென்ட்ரி' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

"போடறேன்."

"எத்தனை?"

"உன் மாட்டைப் போய்ப் பாரு" என்று கத்தினாள். அவன் எழுந்து போனான். முற்றத்தில் நின்று, அவன் அபூர்வமாகத் தொடும் கைபேசியில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்துவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மாட்டுச் சந்தைக்காரரோடு பேசுகிறான் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் மனம் நார்வேக்குப் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. பக்கத்துப் பண்ணை ஃபிலோமினா.

"கார்மல், உக்காந்திருக்கியா? உக்காருடி. நான் இப்பதான் ஊனா கடையிலருந்து வர்றேன். எனக்கு மனசே ஆறல. இருபத்திரண்டு வருஷம்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

அவ்வளவுதான், முடிந்தது என்று கார்மல் நினைத்தாள். சட்டென்று லோர்கனின் முகம் கண்முன் வந்து நின்றது.

"எப்படித்தான் தாங்கினியோ!" என்றாள் ஃபிலோமினா. "பாவம், ஃபின்டன்."

"ஃபின்டனா?"

"இன்னும் மறைக்காதே, எல்லாம் வெளியில வந்தாச்சு. டிராக்டர்லதான் வந்தான். வரிசையில எனக்கு முன்னாடி ரெண்டு பேர் தள்ளி நின்னான். மஜெல்லா இருந்தா, கோல்மோட அம்மா இருந்தா, ஏழெட்டுப் பேர் இருந்தோம். அவன் முறை வந்துது. ஊனா பாவம், மெதுவாத்தான் ஏதோ கேட்டா. இவனுக்குத்தான் இடது காது அவுட்டாச்சே! 'என்னது?'ங்கறான். அவ ஒரு சீட்டுல எழுதிக் காட்டறா. இவன் கண்ணாடி கொண்டு வரல. சீட்டைத் தலைகீழாப் புடிச்சுப் பாக்கறான். கடைசியில அவ, 'இது யாருக்கு ஃபின்டன்?'னு கேட்டுட்டா. உன் அண்ணன் தொப்பியைக் கழட்டினான். பூசையில கழட்டற மாதிரி. 'எனக்கு. எனக்குத்தான். மனசு சரியில்லாததுக்குச் சாப்பிடற மாத்திரை. இருபத்திரண்டு வருஷமா சாப்பிடறேன்'னான். தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. ஒரு ஈ காக்கா பேசல. ஊனா அவன் முகத்தையே பாத்துட்டு நின்னா. அப்புறம் பையைக் கொடுத்து, 'ஒரு நாளைக்கு ரெண்டு, ஃபின்டன், ஒண்ணுகூட விடக்கூடாது'ன்னு சொன்னா. அவன் எங்களையெல்லாம் ஒரு தரம் பாத்துத் தலையாட்டிட்டு டிராக்டர்ல ஏறிட்டான். எனக்கு அழுகையே வந்துடுச்சு, கார்மல்."

கார்மல் தொலைபேசியை வைத்தாள். டிராக்டர் முற்றத்துக்குள் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஃபின்டன் உள்ளே வந்து, காகிதப் பையை மேசைமேல் வைத்து, குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துப் பக்கத்தில் வைத்தான்.

"ஊருக்கே சொல்லிட்டு வந்திருக்கே" என்றாள்.

"என்னைப் பத்தித்தானே சொன்னேன். உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"உனக்குப் பைத்தியமா?"

"ஆமா, அப்படித்தான் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றான். "டாக்டரம்மாகிட்ட பேசிட்டேன். ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாக்க இன்னைக்கே நர்ஸ் வர்றாங்க. ரெண்டு போடு. நீ முழுங்கற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

அவனைத் திட்டுவதற்கு அவளிடம் அன்று ஆயிரம் வார்த்தை இருந்தது. ஆனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அந்த டம்ளரைப் பிடித்தபடி அழுதாள். ஃபின்டன் சொன்னபடி நின்றான்.

அவள் மனம் தரைக்கு இறங்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் ஊர் தன் வேலையைக் காட்டிவிட்டது. சிவப்புக் கேட்டின்மேல் ஆப்பிள் கேக், ஒரு புட்டி ஜாம், ஒரு முழுக் கோழி என்று தினமும் ஏதாவது தொங்கியது. ஃபிலோமினா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "ஃபின்டன். சாப். பிட். டியா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். ஜன்னலுக்குள்ளிருந்த கார்மலுக்கு அது நெஞ்சில் குத்தியது. அது தனக்கு வந்திருக்க வேண்டிய குரல். அதை அவன், சேற்றுக் காலணியோடு நின்று, தலையை ஆட்டி வாங்கிக்கொண்டிருந்தான்.

ஆனால் வேறொன்றும் நடந்தது. ஆண்கள் வர ஆரம்பித்தார்கள். கால்நடை மருத்துவர் யூஜின், நோயில்லாத ஒரு பசுவைப் பார்க்க வந்தார். பசுவை ஐந்து நிமிடம் பார்த்தார், கேட்டருகே ஒரு மணி நேரம் நின்றார். மறுவாரம் இன்னொரு பசுவைப் பார்க்க வந்தார். சதுப்புக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், வேலித் தகராறில் ஒன்பது வருடமாக ஃபின்டனோடு பேசாதவர், இரண்டு மீட்டர் தள்ளி நின்று தன் தொப்பியையே பார்த்தபடி ஏதோ நெடுநேரம் சொன்னார். வாயே திறக்காத ஃபின்டனிடம் இத்தனை பேருக்கு என்ன பேச்சு என்று கார்மலுக்குப் புரியவில்லை. அவன் உள்ளே வந்ததும் கேட்டால், "சும்மா" என்பான்.

தெளிந்த பிறகு அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான். தன் மானத்தைக் காப்பாற்ற அண்ணனுடைய மானத்தைக் கொடுத்தாயிற்று. இதற்கு மேலும் ஒளிந்துகொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை என்று முடிவு செய்தாள். ஜூன் நான்காம் தேதி, முதல் வியாழக்கிழமை, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு ஊனாவின் கடைக்கு நடந்தே போனாள்.

வரிசையில் ஐந்து பேர். ஃபிலோமினா இருந்தாள், மஜெல்லா இருந்தாள். கார்மல் தன் மஞ்சள் கோட்டில் நின்றாள். அவளுக்குப் பின்னாலும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு முறை தோன்றியது. மேசை முன்னால் வந்ததும் ஊனா குரலைத் தாழ்த்தி, "வா கார்மல், எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

கார்மல் குரலைத் தாழ்த்தவில்லை. வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அந்த மாத்திரை என்னுது. ஃபின்டனுது இல்ல. இருபத்திரண்டு வருஷமா நான்தான் சாப்பிடறேன். கோவென்ட்ரியில எனக்கு அத்தை கிடையாது. நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். அவன் எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டான். அவனுக்கு ஒரு நோயும் இல்ல, இனிமே அவன்கிட்ட யாரும் இழுத்து இழுத்துப் பேச வேணாம்."

ஒரு கார் கடந்து போனது. ஃபிலோமினா வாயைத் திறந்தாள், மூடினாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். செத்துப்போன அத்தைக்கு அட்டை அனுப்பியவர்களில் அவளும் ஒருத்தி.

மஜெல்லாதான் கடைசியில் கேட்டாள். "அப்ப முடி?"

"முடியும் வெட்டிக்கிட்டேன். வேற வழியில்லாம."

"அது பாத்தாலே தெரியுது" என்றாள் மஜெல்லா. அவள் கண் கலங்கியிருந்தது. "கடை திறக்கட்டும், வந்து உக்காரு. அந்தப் பாலிவாரன்காரி பண்ணின அநியாயத்தைச் சரிபண்ண எனக்கு ஒரு வருஷம் ஆகும்."

யாரோ சிரித்தார்கள். வரிசை முழுக்கச் சிரித்தது. கார்மலுக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா இருபத்திரண்டு வருடம் என்று இருந்தது. கடைப் பக்கம் திரும்பினாள். ஊனா மட்டும் சிரிக்கவில்லை. மேசைமேல் இரண்டு காகிதப் பைகள் இருந்தன.

"எனக்கு ஒண்ணுதான் ஊனா."

ஊனா முன்னால் குனிந்து, கார்மலுக்கு மட்டும் கேட்கிற குரலில், "ஃபின்டன் காலையில போன் பண்ணான்" என்றாள். "ரெண்டையும் உன்கிட்டயே கொடுக்கச் சொன்னான்."

இரண்டாவது பையில் ஒட்டியிருந்த பெயர் ஃபின்டன் ஹெஸ்லின்.

வீடு வரைக்கும் இரண்டு பைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். ஊரே கேட்க, அவனுக்கு ஒரு நோயும் இல்லை என்று அறிவித்துவிட்டு வருகிறோமே என்று வழியெல்லாம் அதே நினைப்பு. ஃபின்டன் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். காலை வேளையில் அவன் வீட்டுக்குள் இருப்பதே கிடையாது. அவள் பைகளை மேசைமேல் வைத்து எதிரே உட்கார்ந்தாள்.

"இது எப்பலருந்து?"

"மாத்திரை போன மாசத்துலருந்து."

"நான் மாத்திரையைக் கேக்கல."

ஃபின்டன் மேசையின் விளிம்பைத் தேய்த்தான். "தெரியல. ரொம்ப நாளா. அப்பா காலத்துலருந்துன்னு வச்சுக்கயேன். காலையில எழுந்துக்கவே பிடிக்காது. மாடு கத்தும், அதனால எழுந்துப்பேன்."

"ஏன் சொல்லல?"

"நீதான் சீக்காளி. வீட்டுக்கு ஒருத்தர் போதும்னு இருந்துட்டேன்." பிறகு சொன்னான். "உனக்காக அன்னைக்கு டாக்டரம்மாவுக்கு போன் பண்ணினேன்ல, எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. வைக்கப் போறப்ப, 'கார்மல் சரியாயிடுவா, நீங்க எப்படி இருக்கீங்க ஃபின்டன்?'னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல, கார்மல். முற்றத்துல நின்னு அழுதேன். அதுவரைக்கும் என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல."

அந்த முற்றத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். மாட்டுச் சந்தைக்காரர் என்று நினைத்தவளும் அவள்தான். அறுபது வருடமாக ஒரே கூரையின் கீழ் இருந்து, ஒரே பானையில் சாப்பிட்டு, ஊரில் யார் வீட்டில் யார் இருமினாலும் போய் விசாரித்தவள், இந்த ஒருவனை விசாரித்ததில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது, உறைத்த இடத்தில் வலித்தது.

"அப்ப வரிசையில நீ சொன்னது பொய் இல்ல" என்றாள்.

"பொய்யாத்தான் ஆரம்பிச்சேன். சொல்லச் சொல்லத் தெரிஞ்சுது."

கார்மல் நாற்காலியை இழுத்து, அவனுடைய வலது காதுப் பக்கம், கேட்கிற காதின் பக்கம், போட்டு உட்கார்ந்தாள்.

"ஃபின்டன், நீ எப்படி இருக்கே?"

அவன் சும்மா என்று சொல்லவில்லை. நெடுநேரம் யோசித்தான். பிறகு, ஆளில்லாத வழியில் நடக்கிறவன்போலத் தயங்கித் தயங்கி, சொல்ல ஆரம்பித்தான். மத்தியானத் தீவனத்துக்கு நேரமாகி மாடுகள் வேலியோரம் வந்து கத்த ஆரம்பித்தன. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். கார்மல் அவன் கையைப் பிடித்து, "கத்தட்டும், நீ சொல்லு" என்றாள்.